திருவிழா நேரலையும் சூடேறிய கைபேசிகளும்: வன்பொருள் டிகோடரைத் தவறவிட்ட ஒரு செயலியின் நிகழ்வு ஆய்வு

குடாநாட்டு ஆலயங்களின் மகோற்சவங்களை நேரலையாகக் காட்டும் அன்ட்ரொய்ட் செயலி ஒன்றை யாழ்ப்பாணத்தில் இயங்கும் சிறிய மென்பொருள் குழுவொன்று நடத்தி வருகிறது. கொடியேற்றம், சப்பறம், தேர், தீர்த்தம் என்று திருவிழா நாட்கள் நகர நகர அதன் பார்வையாளர் தொகை பெருகும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் உறவுகள் அவர்களில் ஒரு பகுதியினர். முழங்கால் வலியால் வெளிவீதி வரை நடந்துவர இயலாமல், வீட்டு விறாந்தையில் இருந்தபடியே சுவாமியைத் தரிசிக்க விரும்பும் முதியோர் மறுபகுதியினர். முறைப்பாடுகள் இந்த இரண்டாம் பகுதியினரிடமிருந்துதான் வந்தன.

முறைப்பாடுகளின் சாரம் ஒன்றுதான். வசந்தமண்டபப் பூசை தொடங்கும்போது படம் சீராக வரும். சிறிது நேரம் செல்ல அசைவு தடுமாறும், நாதஸ்வரம் முன்னே போகப் படம் பின்தங்கும், கைபேசியின் பின்புறம் சுடத் தொடங்கும், பற்றரி கண்ணெதிரே இறங்கும். தீவுப்பகுதியிலிருந்து அழைத்த அம்மா ஒருவர், "தம்பி, சாமி வெளிவீதி வரேக்குள்ள படம் நிண்டு நிண்டு வருது, போன் கையில பிடிக்கேலாமல் சுடுது" என்றார். பின்னர் கண்டறிந்த உண்மை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருந்தது. ஆனால் குழு அதன் முதற் பாதியை மட்டுமே பிடித்துக்கொண்டது. இச்சிக்கலை ஆராய என்னை அழைத்தபோது, அவர்கள் வலையமைப்பையே குற்றவாளியாகத் தீர்மானித்திருந்தனர்.

அத்தீர்மானத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. முறைப்பாடு வந்த இடங்களைக் குறித்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் அலைபேசிச் சமிக்ஞை மெலிந்த இடங்களாகவே இருந்தன. தேர் நாளன்று ஆலயச் சுற்றாடலில் கூடும் சனத்திரளால் கோபுரங்கள் திணறுவதும் எல்லோரும் அறிந்ததே. ஆனால் சமிக்ஞை மெலிந்த ஊர்களில்தான் விலை குறைந்த கைபேசிகளும், வெளிநாட்டு உறவினர் பாவித்துவிட்டுக் கொடுத்துச் சென்ற பழைய கைபேசிகளும் அதிகம். இரண்டு காரணங்கள் ஒரே நிலப்பரப்பில் படிந்திருக்கும்போது வரைபடம் எதையும் நிரூபிக்காது. அவற்றைப் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: நேரலையின் துண்டுகளைக் கைபேசியின் சேமிப்பகத்திலேயே பதிந்து, ஃபிளைட் மோடில் வைத்து, அதே செயலியில் ஓடவிடுவது. அவ்வாறு செய்தபோதும் கைபேசி சூடேறியது. படம் அதேபோலத் தடுமாறியது. இணையம் அறவே இல்லாத இடத்திலும் நிகழும் கோளாறுக்கு இணையத்தைக் குறைகூற முடியாது.

தடுமாற்றம் தொடக்கத்தில் வராமல் சற்றுப் பிந்தி வருவதற்கும் இங்கேதான் விளக்கம் உள்ளது. கைபேசியின் சிப் குறிப்பிட்ட வெப்பத்தை எட்டியதும், தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதுவரை முழுமூச்சுடன் உழைத்து ஈடுகொடுத்த சிபியு (மையச் செயலகம்), வேகம் குறைந்ததும் பின்தங்குகிறது. ஒலியின் கடிகாரத்தைப் பிடித்து ஓடும் பிளேயரோ, தாமதமான ஃபிரேம்களை (காணொளியின் தனித்தனிப் படங்களை) கைவிட்டு ஒலியை எட்டிப்பிடிக்க முயல்கிறது. பார்ப்பவருக்கு இது இணையம் தளர்ந்ததுபோலவே தோன்றும்.

படத்தை விரித்தது யார்?

காணொளி சுருக்கப்பட்ட வடிவில்தான் கைபேசிக்கு வந்து சேர்கிறது. அதை விரித்து ஃபிரேம்களாக்குவது டிகோடரின் வேலை. அவ்வேலையை இரண்டு இடங்களில் செய்யலாம். ஒன்று, அந்த வேலைக்கென்றே சிப்பினுள் அமைந்த தனிச் சுற்று. மற்றையது, எல்லா வேலைகளையும் செய்யும் பொதுவான சிபியு. மாவை உரலில் இடித்தாலும் மில்லில் அரைத்தாலும் புட்டு ஒன்றுதான். இடித்தவரின் தோளுக்குத்தான் வேறுபாடு தெரியும். திரையில் தெரியும் படத்தை வைத்து, அதை விரித்தது வன்பொருளா மென்பொருளா என்று பார்வையாளரால் சொல்ல முடியாது. செயலியை எழுதியவராலும், தேடிப் பார்க்காவிட்டால், சொல்ல முடியாது.

அன்ட்ரொய்டில் இந்தத் தனிச் சுற்றை அணுகும் வாயில் மீடியாகோடெக். 2012 இல் வெளிவந்த அன்ட்ரொய்ட் 4.1 இலிருந்து அது இருக்கிறது. கூகுளின் எக்ஸோபிளேயர் போன்ற பிளேயர்கள் அதன் மேல்தான் கட்டப்பட்டவை. ஆனால் நாம் ஆராயும் செயலி, காணொளிகளைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் எஃப்எஃப்எம்பெக் நிரற்றொகுப்பை உள்ளடக்கிய வேறொரு திறந்த மூலப் பிளேயர் நூலகத்தைப் பயன்படுத்தியது. எந்த வடிவத்தில் காணொளி வந்தாலும் ஓட்டிவிடும் என்பது அந்நூலகத்தைத் தேர்ந்ததற்கான காரணம். அது முதலில் வன்பொருள் டிகோடரைத் திறக்க முயலும். அது மறுத்தால், ஒரு பதிவு வரியை மட்டும் எழுதிவிட்டுச் சிபியுவில் இயங்கும் தன் சொந்த டிகோடருக்கு மாறிக்கொள்ளும். செயலிக்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது.

கைபேசியைக் கணினியுடன் இணைத்து, எந்தச் செயல்முறை எவ்வளவு சிபியுவை உண்கிறது என்று பார்த்தபோது விடயம் வெளிச்சமாகியது. வன்பொருள் டிகோடர் வேலை செய்தால், அச்செயலியின் சொந்த இழைகள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைக் கோவைகள்) ஏறத்தாழ ஓய்ந்திருக்க வேண்டும். பாரம் கணினி முறைமையின் ஊடகச் சேவையூடாகச் சிப்புக்குப் போயிருக்கும். இங்கோ செயலிக்குள்ளேயே பல இழைகள் சிபியுவின் எல்லா மையங்களையும் நிரப்பிக்கொண்டிருந்தன. சோதித்த கைபேசிகள் எல்லாவற்றிலும், விலை உயர்ந்தவற்றிலும்கூட, இதே நிலைதான். உயர்ந்தவற்றின் சிபியு அந்தப் பாரத்தைச் சத்தமில்லாமல் தாங்கிக்கொண்டது. அதனால்தான் புலம்பெயர் பார்வையாளர்களிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை.

100 என்று எழுதி 122 ஐ அனுப்பியது

இந்த நேரலையின் காணொளி வடிவமான எச்.264 தரம் 2003 இல் வெளிவந்தது. கைபேசிகளில் இதைவிடப் பரவலாக வன்பொருள் ஆதரவு பெற்ற காணொளி வடிவம் வேறில்லை. அப்படியிருக்க, அனைத்துக் கைபேசிகளின் வன்பொருள் டிகோடர்களும் இந்த நேரலையை ஏன் மறுத்தன? எச்.264 என்ற பெயருக்குள் பல புரொஃபைல்கள் (எந்தெந்த வசதிகள் பயன்படலாம் என்று வரையறுக்கும் உட்பிரிவுகள்) உள்ளன என்பதில் விடை இருந்தது.

மனிதக் கண் ஒளிர்வின் நுணுக்கத்தை உணரும் அளவுக்கு நிறத்தின் நுணுக்கத்தை உணர்வதில்லை. ஆகவே காணொளியில் நிறத் தகவல் குறைத்தே வைக்கப்படுகிறது. 4:2:0 என்ற முறையில் நான்கு பிக்சல்களுக்கு ஒரு நிற மாதிரிச் சோடி. 4:2:2 முறையில் இரண்டு பிக்சல்களுக்கு ஒன்று. தொலைக்காட்சித் தயாரிப்பில் 4:2:2 வழமையானது, பார்வையாளருக்குப் போகும் ஒளிபரப்பில் 4:2:0 வழமையானது. பெரும்பாலான கைபேசிகளின் எச்.264 வன்பொருள் டிகோடர்கள் 4:2:0 ஐ மட்டுமே ஏற்கும்.

ஆலய வெளிவீதியில் வைத்திருந்த கமராக்கள் மிக்சருக்கும், மிக்சர் கப்சர் கார்ட்டுக்கும் படத்தை அனுப்பின. கப்சர் கார்ட் 4:2:2 ஆகவே படத்தைக் கணினிக்குக் கொடுத்தது. அங்கே எஃப்எஃப்எம்பெக்கின் எக்ஸ்264 என்கோடர் அதைச் சுருக்கியது. பிக்சல் வடிவத்தை வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால், அந்த என்கோடர் தனக்கு வந்த நிற முறையை அப்படியே காத்து, ஹை 4:2:2 என்ற புரொஃபைலில் வெளியீட்டைத் தரும். கட்டளை வரியில் பிக்சல் வடிவம் குறிப்பிடப்பட்டிருக்கவில்லை.

இதைவிட நுட்பமான இடம் ஒன்றும் இருந்தது. நேரலையைச் சிறு துண்டுகளாக அனுப்பும் எச்எல்எஸ் முறையில், அதன் தலைமைப் பட்டியல் ஒவ்வொரு படத்தரத்துக்கும் எந்தக் கோடெக் (சுருக்கும் முறை), எந்தப் புரொஃபைல் என்று அறிவிக்கும். சாதாரண ஹை புரொஃபைலின் எண் 100. ஹை 4:2:2 இன் எண் 122. பட்டியலைக் கையால் எழுதியவர் 100 என்பதற்குரிய அடையாளத்தை இட்டிருந்தார். செயலி அப்பட்டியலை நம்பி, "இது ஹை புரொஃபைல், கைபேசி ஆதரிக்கும்" என்று தன் சோதனையை முடித்துக்கொண்டது. ஸ்ட்ரீமுக்குள் இருந்த, காணொளியின் அமைப்பைச் சொல்லும் எஸ்பிஎஸ் தலைப்போ 122 என்றது. வன்பொருள் டிகோடர் பட்டியலைப் பார்ப்பதில்லை, தலைப்பைத்தான் பார்க்கும். சில சிப்கள் உடனே பிழை தந்தன. சில ஒரு ஃபிரேமையும் வெளியே தராமல் நின்றன. நூலகம் இரண்டு வகையையும் ஒரேமாதிரி மூடிமறைத்துச் சிபியுவுக்கு மாறியது. ஒரு துண்டைத் தரவிறக்கி, காணொளியின் விவரங்களைக் காட்டும் எஃப்எஃப்புரோப்பில் கொடுத்திருந்தால் ஒரு வரியில் தெரிந்திருக்கக்கூடிய செய்தி, இரண்டு நம்பிக்கைகளுக்கு நடுவே ஒரு திருவிழாக் காலம் முழுவதும் ஒளிந்திருந்தது.

என் கணிப்பில், இந்நிகழ்வின் மூலக் கோளாறு கட்டளை வரியில் விடுபட்ட சொல்லைவிட, நூலகத்தின் அந்த மௌனமான பின்வாங்கலே ஆகும். படம் அறவே வராமல் போயிருந்தால் கொடியேற்ற நாளன்றே குழுவினர் கண்டுபிடித்திருப்பர். எப்படியாவது படம் வந்துவிட வேண்டும் என்ற நல்லெண்ணம், செலவு முழுவதையும் பற்றரி ஏற்கெனவே தேய்ந்த கைபேசியை வைத்திருப்பவரின் தலையில் கட்டிவிட்டது.

என்கோடர் பக்கத்துத் திருத்தம்

முதல் திருத்தம் எளியது: பிக்சல் வடிவத்தை 4:2:0 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுதல், புரொஃபைலை ஹை என்றும் லெவலை 3.1 என்றும் கட்டுப்படுத்துதல், பட்டியலில் உள்ள அடையாளத்தைக் கையால் எழுதாமல் வெளியான துண்டிலிருந்தே எடுத்தல். லெவல் என்பது டிகோடருக்கு வைக்கக்கூடிய பாரத்தின் உச்சவரம்பு. லெவல் 3.1 இன் எல்லை இங்கே விளக்கத்துக்குரியது. எச்.264 ஒரு ஃபிரேமை 16க்கு 16 பிக்சல் கட்டங்களாகப் பிரிக்கிறது. 1280க்கு 720 அளவுள்ள ஃபிரேமில் 80க்கு 45 என 3,600 கட்டங்கள். லெவல் 3.1 அனுமதிப்பது நொடிக்கு 108,000 கட்டங்கள். அதாவது நொடிக்கு 30 ஃபிரேம்கள் சரியாகப் பொருந்தும். குழு 25 ஃபிரேம்களைத் தேர்ந்தது; கட்டங்கள் 90,000 ஆகக் குறைந்தன. 25 ஐத் தேர்ந்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் ஆகையால், ஆலய வீதியின் மின்விளக்கு அலங்காரங்கள் 25 அல்லது 50 ஃபிரேமில் படம்பிடித்தால் மினுங்குவது குறையும்.

மிக்சரின் வெளியீடு ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறிமாறி வரும் இடைப்பின்னல் முறையில் இருந்தது. கைபேசி டிகோடர்கள் பலவற்றுக்கு அது ஒவ்வாது. ஏற்றுக்கொள்பவையும் தேர் வடம் இழுபடும்போது சீப்புப் பற்கள்போன்ற விளிம்புகளைக் காட்டும். சுருக்குவதற்கு முன்னரே கணினியில் இடைப்பின்னல் நீக்கப்பட்டது.

தரப்படிகள் (இணைய வேகத்துக்கேற்ப மாறும் படத்தர நிலைகள்) குறைக்கப்பட்டன. முன்னர் 1080 வரிப் படியும் இருந்தது. கைபேசித் திரைக்கு அது தேவையில்லை என்று வாதிட்டு நீக்கச் செய்தேன். மேற்படி 720 வரி, நொடிக்கு 1.5 மெகாபிட், அதன்படி ஒரு மணித்தியாலத்துக்கு 675 மெகாபைட் டேட்டா செலவாகும். நடுப்படி 848க்கு 480, நொடிக்கு 700 கிலோபிட். மணித்தியாலத்துக்கு 315 மெகாபைட். பூசை இரண்டு மணித்தியாலம் நீளும் நாளில், டேட்டா பொதியை எண்ணி எண்ணிப் பாவிப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது. அதற்கும் கீழே ஒலி மட்டும் கொண்ட படி ஒன்று வைக்கப்பட்டது. படம் நின்றாலும் தவிலும் நாதஸ்வரமும் நிற்கக்கூடாது என்பதில் குழுவில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்கவில்லை.

848 என்ற எண்ணுக்குக் காரணம் உண்டு. 480 வரிக்கு வழக்கமாக இடப்படும் 854 என்ற அகலம் 16 ஆல் மீதியின்றிப் பிரிபடாது, 848 பிரிபடும். பிரிபடாத அளவுகளில் என்கோடர் ஓரத்தில் வெற்றுப் பிக்சல்களைச் சேர்த்து, அவற்றை வெட்டிவிடுமாறு தலைப்பில் எழுதிவைக்கும். அந்தக் குறிப்பைச் சரிவரக் கவனிக்காத பாதைகளில் படத்தின் ஓரத்தில் பச்சைக் கோடொன்று தெரியும். 1080 வரிப் படத்துக்கும் இதே தொல்லை உண்டு. அது உள்ளே 1088 வரியாகவே சுருக்கப்படுகிறது.

படம் திரைக்குச் செல்லும் பாதை

என்கோடரைத் திருத்தியதும் வன்பொருள் டிகோடர் திறந்துகொண்டது, வெப்பமும் குறைந்தது. ஆயினும் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. காரணம், விரிந்த ஃபிரேம்களைச் செயலி தன் நினைவகத்துக்கு எடுத்து, ஆலயச் சின்னத்தையும் அன்றைய நிகழ்ச்சி வரியையும் படத்தின் மேல் பதித்து, பிறகே திரைக்கு அனுப்பியது. 720 வரி ஃபிரேம் ஒன்று 4:2:0 வடிவில் 1,382,400 பைட். நிறம் மாற்றப்பட்டு, பிக்சலுக்கு நான்கு பைட் என்று ஆகும்போது 3,686,400 பைட். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 92 மெகாபைட்டுக்கு மேற்பட்ட தரவைச் சிபியு ஒவ்வொரு நொடியும் எழுதிக்கொண்டிருந்தது. வன்பொருள் மிச்சப்படுத்தித் தந்ததில் பெரும்பகுதியை இந்தப் பாதை விழுங்கியது.

டிகோடருக்குத் திரைப்பரப்பை நேரடியாகக் கொடுத்துவிட்டால், ஃபிரேம் சிபியுவின் கைக்கு வருவதே இல்லை. காணொளியைக் காட்டும் அன்ட்ரொய்டின் திரைக்கூறுகளில் ஒன்றான சர்ஃபேஸ்வியூவைப் பயன்படுத்தும்போது, பல கைபேசிகளில் ஜிபியுவையும் (வரைகலைச் செயலகத்தையும்) தொடாமல், திரையை இணைக்கும் வன்பொருளே காணொளி அடுக்கை நேரே ஏற்றுக்கொள்ளும். மற்றைய திரைக்கூறான டெக்ஸ்சர்வியூ அசைவூட்டங்களுக்கு வசதியானது. ஆனால் ஒவ்வொரு ஃபிரேமும் ஜிபியு வழியாகவே போக வேண்டும். சர்ஃபேஸ்வியூ பக்கத்துடன் சேர்ந்து சரியாக நகராது என்ற பழைய குறை அன்ட்ரொய்ட் 7.0 உடன் தீர்ந்துவிட்டது. சின்னமும் நிகழ்ச்சி வரியும் காணொளிக்கு மேல் தனி அடுக்காக வைக்கப்பட்டன. எழுத்து முன்னரைவிடக் கூர்மையாகவும் தெரிந்தது. பார்வை மங்கிய முதியோருக்கு அது தனி நன்மை.

முகப்புப் பக்கத்தில் வேறொரு சிக்கல் இருந்தது. அன்று நேரலையில் உள்ள ஆலயங்கள் எல்லாம் சிறு சிறு அசையும் பெட்டிகளாகக் காட்டப்பட்டன. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு டிகோடர். வன்பொருள் டிகோடரின் கொள்ளளவு பொதுவானது; ஒரே நேரத்தில் எத்தனை திறக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. அன்ட்ரொய்ட் அந்த எல்லையைக் கேட்டறிய வழி தந்திருந்தாலும், அது தருவது உச்சவரம்பின் குறிப்பு மட்டுமே, உத்தரவாதம் அன்று. மலிவான கைபேசிகளில் கடைசிப் பெட்டிகளுக்கு டிகோடர் கிடைக்கவில்லை. மௌனமான பின்வாங்கல் அங்கேயும் நிகழ்ந்தது. பெட்டிகள் அசையாப் படங்களாக மாற்றப்பட்டன. பக்கம் பொலிவிழந்தது என்று வடிவமைப்பாளர் வருந்தினார். அவ்வருத்தம் நியாயமானதே, இருந்தாலும் மாற்றம் அவசியமாக இருந்தது.

எச்.265 யோசனை

டேட்டாவை மேலும் மிச்சப்படுத்த எச்.265 க்கு மாறலாம் என்று குழுவில் ஒருவர் முன்மொழிந்தார். 2013 இல் வந்த அத்தரம், ஒத்த படத்தரத்துக்குக் குறைந்த பிட் வேகத்தைக் கேட்கும் என்பது உண்மையே. ஆனால் அன்ட்ரொய்ட் 5.0 முதல் எச்.265 க்கு மென்பொருள் டிகோடர் ஒன்றும் முறைமையோடு வருகிறது. ஆகவே "இந்தக் கைபேசி எச்.265 ஐ ஆதரிக்கிறதா" என்று கேட்டால் எல்லாமே ஆம் என்றுதான் சொல்லும். கேட்க வேண்டிய கேள்வி, "வன்பொருளில் ஆதரிக்கிறதா" என்பது. அதற்கு நேரடி விடை தரும் வசதி அன்ட்ரொய்ட் 10 இலிருந்துதான் உண்டு. அதற்கு முந்தியவற்றில் டிகோடரின் பெயரைப் பார்த்து, அது கூகுளின் மென்பொருள் டிகோடரா என்று ஊகிக்க வேண்டும். இன்னொரு காணொளி வடிவமான ஏவி1 க்கும் இதுவே பொருந்தும்: அன்ட்ரொய்ட் 10 அதை விரிக்கும், ஆனால் மலிவான கைபேசிகளில் பெரும்பாலும் சிபியுவில். ஐபோன்களிலேயே ஏவி1 க்கான வன்பொருள் 2023 இல் ஐபோன் 15 புரோவுடன்தான் வந்தது. முடிவில் எச்.264 படிகள் அடிப்படையாக இருக்க, வன்பொருள் ஆதரவு உறுதியான கைபேசிகளுக்கு மட்டும் எச்.265 படி கொடுக்கத் தீர்மானிக்கப்பட்டது.

பின்வாங்கலுக்குக் குரல் கொடுத்தல்

பிளேயர் நூலகம் எக்ஸோபிளேயரால் மாற்றீடு செய்யப்பட்டது. திறக்கப்பட்ட டிகோடரின் பெயர், அது வன்பொருளா என்ற விடை, கைவிடப்பட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை ஆகியவை இப்போது ஒவ்வொரு பார்வை அமர்வின் முடிவிலும் குழுவின் வழங்கிக்குச் செல்கின்றன. பார்ப்பவரின் பெயரோ தொலைபேசி இலக்கமோ செல்வதில்லை. மென்பொருள் டிகோடர் திறக்கப்பட்டால் செயலி தானாக 480 வரிப் படிக்கு இறங்கும். அன்ட்ரொய்ட் 10 முதல் கிடைக்கும் வெப்பநிலை அறிவிப்பையும் அது கவனிக்கிறது. முறைமை மிதமான வெப்பம் என்று சொல்லும்போதே படியைக் குறைத்துக்கொள்கிறது. படி மாறும்போது டிகோடரை மூடித் திறக்காமல் தொடரும் வசதி அன்ட்ரொய்ட் 4.4 முதல் உண்டு. அதை ஆதரிக்காத டிகோடர்களில் ஒரு கணம் திரை கறுக்கும். தீபாராதனை நேரத்தில் அது நிகழாதிருக்க, அப்படியான கைபேசிகளில் படி மாறும் அவகாசம் நீட்டப்பட்டுள்ளது.

திருத்திய பதிப்பு அடுத்த ஆலயத்தின் கொடியேற்றத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. முன்னர் தடுமாறிய அதே கைபேசிகளில் பூசை முழுவதும் வன்பொருள் டிகோடரே இயங்கியது. செயலியின் இழைகள் ஓய்ந்திருந்தன. ஒலியும் படமும் பிரியவில்லை. தீவுப்பகுதியில் சமிக்ஞை மெலியும் இடங்களில் படம் இன்னும் நிற்கிறது. ஆனால் இப்போது நிற்பது இணையத்தால்தான் என்று வழங்கியின் பதிவுகளைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடிகிறது. அப்போது கைபேசி சுடுவதில்லை, ஒலிப் படி தொடர்கிறது.

தீராத பகுதி ஒன்று உள்ளது. அன்ட்ரொய்ட் 9 உம் அதற்கு முந்தியனவும் ஓடும் கைபேசிகளில், டிகோடரின் பெயரை வைத்துச் செய்யும் ஊகம் சில மாதிரிகளில் பொய்க்கிறது; வன்பொருள் என்று பெயர் காட்டும் டிகோடர்களும் சிலவேளை தவறான நிறத்தில் படத்தைத் தருகின்றன. அவற்றுக்கென மாதிரிவாரியான விலக்குப் பட்டியல் ஒன்றைக் குழு வைத்துள்ளது. கஸ்தூரியார் வீதிக் கடைகளில் திருத்த வரும் பழைய கைபேசிகளில், உரிமையாளரின் சம்மதத்துடன், ஒரு சோதனைத் துண்டை ஓடவிட்டு அப்பட்டியலை நிரப்பி வருகிறது.